லிப்ரெஆபிஸ் கையேட்டு அத்தியாயத்தில் கோளாறா? அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

லிப்ரெஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளின் பயனர் கையேடுகளைத் தன்னார்வலர்கள் எழுதுகிறார்கள். ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ், டிரா, பேஸ், மேத் என ஒவ்வொன்றுக்கும் ஒரு கையேடு உண்டு. புதியவர்களுக்கு ‘கெட்டிங் ஸ்டார்ட்டட்’ தனியாக இருக்கிறது. அத்தியாயம் ஒவ்வொன்றும் தனி ஓடிடி கோப்பு, அதாவது ரைட்டர் தன் ஆவணங்களைச் சேமிக்கும் வடிவம். முந்தைய பதிப்பின் கோப்பை எடுத்து ஒருவர் புதுப்பிப்பார், இன்னொருவர் மதிப்பாய்வு செய்வார், வேறொருவர் மெய்ப்புப் பார்ப்பார். இந்த வேலை எல்லாமே சொற்செயலியான ரைட்டரில்தான் நடக்கிறது. ஒரே கோப்பு பல கணினிகளுக்கும் பல இயங்குதளங்களுக்கும் பல பழக்கங்கள் உள்ள கைகளுக்கும் போய் வருவதால் சில கோளாறுகள் திரும்பத் திரும்ப வரும்.

கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒட்டுப் போட்டால் அடுத்த மதிப்பாய்விலேயே அதே கோளாறு மறுபடி தலைகாட்டும். எழுத்திலா, ஸ்டைலிலா (பெயரிட்டு வைத்த வடிவமைப்பு), ஃபீல்டிலா (ரைட்டர் தானாகப் புதுப்பிக்கும் எண் போன்றவை), கோப்பிலா, வேலை கைமாறிய விதத்திலா, எந்த அடுக்கில் பிழை இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கீழே உள்ள மெனுப் பெயர்கள் ஆங்கில இடைமுகத்தின்படி தரப்பட்டுள்ளன. கையேடுகளின் மூலப் பிரதி ஆங்கிலத்தில் இருப்பதால் படங்களும் அந்த இடைமுகத்தில்தான் எடுக்கப்படுகின்றன.

எதைத் தொடும் முன்பும் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். கண்ட்ரோல்+எஃப்10 அழுத்தினால் பத்திக் குறிகள் தெரியும். கண்ட்ரோல்+எஃப்8 அழுத்தினால் ஃபீல்டுகளின் பின்னால் சாம்பல் நிறம் வரும். இந்த இரண்டும் இல்லாமல் அத்தியாயத்தைச் சரிபார்ப்பது இருட்டில் ஊசி தேடுவதுதான். ‘டூல்ஸ் > ஆப்ஷன்ஸ் > லிப்ரெஆபிஸ் > யூசர் டேட்டா’ பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது காலியாக இருந்தால் உங்கள் கருத்துகளும் திருத்தங்களும் ‘அன்னோன் ஆத்தர்’ என்ற பெயரில் பதிவாகும். பிறகு எதை யார் சொன்னார்கள் என்று பிரிக்க வழியிருக்காது.

ஒரே ஸ்டைல்தான், ஆனால் பத்திகள் வெவ்வேறாகத் தெரிகின்றன

ஒரு பத்தியின் இடைவெளி கூடுதலாகவும் அடுத்ததன் எழுத்து அரைப் புள்ளி சிறிதாகவும் இருக்கும். ஸ்டைல் பெட்டியோ இரண்டுக்கும் ‘பாடி டெக்ஸ்ட்’ என்றுதான் காட்டும். ஸ்டைலுக்கு மேலே யாரோ நேரடியாக வடிவமைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் இது இணையப் பக்கத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ ஒட்டும்போது கூடவே வந்துவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு கருவிகள் உண்டு. 7.1 பதிப்பிலிருந்து பக்கப்பட்டையில் ‘ஸ்டைல் இன்ஸ்பெக்டர்’ இருக்கிறது. கர்சரைப் பத்தியில் வைத்தால் பத்தி ஸ்டைல் தந்தது எது, நேரடியாகச் சேர்த்தது எது, எழுத்து ஸ்டைல் தந்தது எது என்று அடுக்கு வாரியாகக் காட்டும். 7.6 பதிப்பில் ‘ஸ்பாட்லைட்’ வந்தது. எஃப்11 அழுத்தி ஸ்டைல் பலகையைத் திறந்து, கீழே உள்ள அந்தப் பெட்டியில் குறியிட்டால் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் வண்ண எண் தோன்றும். எண்ணின் கட்டத்தில் சாய்கோடுகள் தெரிந்தால் அந்தப் பத்தியில் நேரடி வடிவமைப்பு இருக்கிறது. முப்பது பக்க அத்தியாயத்தைக் கூட இப்படி விரைவாகச் சல்லடை போட்டுவிடலாம்.

நீக்க, பத்தியைத் தேர்ந்து ‘ஃபார்மட் > கிளியர் டைரக்ட் ஃபார்மட்டிங்’ கொடுங்கள். முழு அத்தியாயத்தையும் தேர்ந்து ஒரே அடியாகச் செய்யாதீர்கள். கண்ட்ரோல்+பி போட்டுத் தடிமனாக்கிய மெனுப் பெயர்களும் சேர்ந்து அழிந்துவிடும். கையேட்டில் மெனுப் பெயர் எது, சாதாரணச் சொல் எது என்று வாசகர் பிரித்தறிவது அந்தத் தடிமனால்தான். பத்தி பத்தியாகப் போங்கள். முன்பு எடுத்து வைத்த நகலைப் பக்கத்தில் திறந்துகொண்டு, தடிமன் போன இடங்களில் ‘ஸ்ட்ராங் எம்ஃபசிஸ்’ என்ற எழுத்து ஸ்டைலைப் போடுங்கள். கண்ட்ரோல்+பி-யை மறுபடி அழுத்தினால் அடுத்தவர் உங்கள் வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

மறுபடி வராமல் தடுக்க, வெளியிலிருந்து எதை எடுத்தாலும் கண்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட்+வி கொண்டு ஒட்டுங்கள். வடிவமைப்பு இல்லாத வெறும் எழுத்து மட்டும் வரும்.

இடைவெளிக்காக என்டர் தட்டிச் சேர்த்த வெற்றுப் பத்திகளும் இதே வகைக் கோளாறுதான். கண்ட்ரோல்+எச் திறந்து, ‘ரெகுலர் எக்ஸ்ப்ரெஷன்ஸ்’ பெட்டியில் குறியிட்டு, தேடும் இடத்தில் ^$ என்று தந்து, மாற்றும் இடத்தைக் காலியாக விட்டால் அவை நீங்கும். இடைவெளி குறைவாகத் தெரிந்தால் அது ஸ்டைலில் சரிசெய்ய வேண்டியது. அதையும் உங்கள் கோப்பில் மாற்றாமல், அத்தியாயங்களுக்குப் பொதுவான ஸ்டைல்களைத் தரும் டெம்ப்ளேட்டைப் பராமரிப்பவரிடம் சொல்லுங்கள்.

ஸ்டைல் பட்டியலில் முன்பின் தெரியாத பெயர்கள் நிறைந்திருக்கின்றன

பட்டியல் ஸ்டைல்களில் ‘டபிள்யூடபிள்யூநம்’ என்று தொடங்கிப் பின்னால் எண்ணுடன் முடியும் பெயர்கள் வரிசையாக இருந்தால், கோப்பு எங்கோ மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸ் வடிவுக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. யாரோ வேறு மென்பொருளில் திறந்து திருத்தியிருக்கிறார்கள். இந்தக் கோப்பைச் செப்பனிட முயல வேண்டாம். எண்ணிட்ட பட்டியல்கள், குறுக்குக் குறிப்புகள், படத்தலைப்புகள் எல்லாம் உள்ளே கலைந்திருக்கக்கூடும். வெளித்தோற்றம் சரியாக இருக்கிறதே என்று நம்ப முடியாது.

வெளியே போகும் முன்பு இருந்த ஓடிடி கோப்பைத் தேடி எடுங்கள். திரும்பி வந்த கோப்பைத் திறந்து, ‘எடிட் > டிராக் சேஞ்சஸ் > கம்பேர் டாக்குமெண்ட்’ வழியாகப் பழையதுடன் ஒப்பிட்டால் எழுத்து எங்கெல்லாம் மாறியது என்று தெரியும். அந்த மாற்றங்களை மட்டும் பழைய கோப்பில் கையால் சேருங்கள். மாற்றங்கள் குறைவாக இருந்தால் இது ஒரு மணி நேர வேலை. கலைந்த கோப்பை ஒட்டவைக்க அதைவிட வெகு அதிகம் ஆகும்.

பெயர்கள் ‘ஓஓஓ’ என்று தொடங்கினால் கதை வேறு. அவை ஓப்பன்ஆபிஸ் காலத்துக் கையேட்டு டெம்ப்ளேட்டின் ஸ்டைல்கள். 2010-இல் லிப்ரெஆபிஸ் பிரிந்து வந்தபோது கையேடுகளோடு சேர்ந்தே வந்தவை. மிகப் பழைய அத்தியாயத்திலிருந்து பத்திகளை அப்படியே நகலெடுத்தால் இவையும் உள்ளே நுழையும். ஒவ்வொன்றுக்கும் இப்போதைய டெம்ப்ளேட்டில் ஒரு இணை இருக்கும். கண்ட்ரோல்+எச் திறந்து, ‘பாரகிராஃப் ஸ்டைல்ஸ்’ பெட்டியில் குறியிட்டு, தேடும் இடத்தில் பழைய பெயரையும் மாற்றும் இடத்தில் புதியதையும் தேர்ந்து ‘ரீப்ளேஸ் ஆல்’ கொடுத்தால் எல்லாப் பத்திகளும் ஒரே நேரத்தில் மாறும்.

டெம்ப்ளேட் மாறிவிட்டது, அத்தியாயம் பழைய தோற்றத்திலேயே நிற்கிறது

டெம்ப்ளேட் மாறியபின் கோப்பைத் திறக்கும்போது ஸ்டைல்களைப் புதுப்பிக்கவா என்று ரைட்டர் கேட்கும். ஒருமுறை ‘கீப் ஓல்ட் ஸ்டைல்ஸ்’ என்று அழுத்திவிட்டால் அந்தக் கோப்பிடம் பிறகு கேட்காது. ‘ஃபைல் > பிராப்பர்ட்டீஸ்’ பக்கத்தில் டெம்ப்ளேட்டின் பெயர் அப்படியே இருப்பதால் தொடர்பு அறுந்தது வெளியில் தெரியாது.

ஸ்டைல் பலகையின் மேல் வலது மூலையில் உள்ள செயல் பட்டியலில் ‘லோட் ஸ்டைல்ஸ் ஃப்ரம் டெம்ப்ளேட்’ தேர்ந்து, புதிய டெம்ப்ளேட்டைக் காட்டி, எல்லா வகைகளிலும் ‘ஓவர்ரைட்’டிலும் குறியிடுங்கள். ‘ஓவர்ரைட்’ குறியிடாமல் விட்டால் ஏற்கெனவே உள்ள பெயர்கள் எதுவும் மாறாது. பலர் தடுக்கி நிற்பது அங்கேதான்.

படிகளின் எண் 1-இல் தொடங்காமல் 7-இல் தொடங்குகிறது

முந்தைய பட்டியலின் தொடர்ச்சி என்று ரைட்டர் எடுத்துக்கொண்டது. முதல் படியை வலது சொடுக்கி ‘ரீஸ்டார்ட் நம்பரிங்’ கொடுங்கள். மாறாக, 4-ஆம் படிக்குப் பின் ஒரு படமோ விளக்கமோ வந்து அடுத்தது மறுபடி 1 ஆனால், நடுவில் உள்ள பத்திக்கு ‘நம்பரிங் 1 கன்டின்யூ’ வகை ஸ்டைலைப் போட வேண்டும். அது எண் இல்லாமல் அதே உள்தள்ளலில் நிற்கும். ஒரே படிக்குள் வரி பிரிக்க ஷிஃப்ட்+என்டர் போதும். எண்களைக் கையால் தட்டச்சு செய்த பட்டியல் கண்ணில் பட்டால் தயங்காமல் பிரித்துப் போட்டுத் திரும்பச் செய்யுங்கள். நடுவில் ஒரு படி கூடினால் கீழே உள்ளதெல்லாம் பொய்யாகிவிடும்.

‘எரர்: ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்’ என்று பக்கத்தின் நடுவே வருகிறது

‘படம் 12-ஐப் பார்க்கவும்’ என்று எழுதும்போது அந்த 12 ஒரு ஃபீல்டு. ‘இன்சர்ட் > கிராஸ்-ரெஃபரன்ஸ்’ வழியாகப் படத்தலைப்பின் எண்ணைச் சுட்டும். சுட்டப்பட்ட தலைப்பை யாராவது அழித்தாலோ, தலைப்பை அழித்துப் புதிதாக எழுதினாலோ, ஃபீல்டுக்குச் சுட்ட எதுவும் மிஞ்சாது. கோப்பைத் திறந்த உடனே பிழை தெரிவதில்லை. எஃப்9 அழுத்தி ஃபீல்டுகளைப் புதுப்பித்தாலோ அச்சுக்குப் போனாலோதான் வெளிவரும். அதனால் அடுத்தவரிடம் அனுப்பும் முன் எஃப்9 அழுத்தி, கண்ட்ரோல்+எஃப் திறந்து ‘எரர்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள்.

திருத்தம் எளிது: உடைந்த ஃபீல்டை அழித்து, ‘கிராஸ்-ரெஃபரன்ஸ்’ உரையாடலில் ‘ஃபிகர்’ வகையைத் தேர்ந்து, சரியான படத்தைக் காட்டி, வடிவமாக ‘கேட்டகரி அண்ட் நம்பர்’ கொடுங்கள். எந்தப் படம் என்பதுதான் சில நேரம் புரியாது. அப்போது முந்தைய பதிப்பின் பிடிஎஃப் உதவும்.

இதைவிடப் பொல்லாதது பிழைச் செய்தியே வராமல் எண் தவறாக இருப்பது. படம் 5, படம் 6, மறுபடி படம் 6 என்று போகும். கண்ட்ரோல்+எஃப்8 போட்டுத் தலைப்புகளைப் பாருங்கள். எண்ணுக்குப் பின்னால் சாம்பல் நிறம் இல்லையென்றால் அது கையால் தட்டிய எண். அதை அழித்துவிட்டு, கண்ட்ரோல்+எஃப்2 திறந்து, ‘வேரியபிள்ஸ்’ தாவலில் ‘நம்பர் ரேஞ்ச்’ வகையில் ‘ஃபிகர்’ தேர்ந்து செருகுங்கள். பின்னால் வரும் எல்லா எண்களும் தாமாக ஒன்று கூடும். வாசகத்துக்குள் ‘படம் 6’ என்று யாராவது வெறும் எழுத்தாக எழுதியிருந்தால் அது மட்டும் கூடாது. ஆகவே தலைப்புகளைச் சரிசெய்தபின் அத்தியாயம் முழுக்க ‘ஃபிகர்’ என்று தேடி, சாம்பல் நிறம் இல்லாத ஒவ்வொன்றையும் குறுக்குக் குறிப்பாக மாற்றுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் தவறான படத்தைப் பார்த்துத் தவறான பொத்தானை அழுத்தப்போகிறவர் நம்மை நம்பிப் படிக்கிறவர்.

உள்ளடக்கத்தில் ஒரு தலைப்பு மட்டும் காணாமல் போவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. எஃப்5 அழுத்தி நேவிகேட்டரைத் திறங்கள். தலைப்புகளின் கீழ் அது இல்லையென்றால், எழுத்தைப் பெரிதாக்கித் தலைப்பு மாதிரி காட்டியிருக்கிறார்கள். ‘ஹெடிங்’ ஸ்டைல் போட்டு, உள்ளடக்கத்தை வலது சொடுக்கி ‘அப்டேட் இண்டெக்ஸ்’ கொடுங்கள்.

படங்கள்: தெரியவில்லை, மங்குகின்றன, ஓடுகின்றன

உங்கள் கணினியில் படம் தெரிகிறது, மதிப்பாய்வாளரிடம் வெற்றுப் பெட்டி மட்டும் இருக்கிறதா? படத்தைச் செருகும்போது ‘லிங்க்’ பெட்டியில் குறி விழுந்திருக்கிறது. கோப்புக்குள் படம் இல்லை, உங்கள் வன்தட்டின் முகவரி மட்டுமே இருக்கிறது. படங்கள் உள்ள கணினியிலேயே ‘எடிட் > லிங்க்ஸ் டு எக்ஸ்டர்னல் ஃபைல்ஸ்’ திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்து ‘பிரேக் லிங்க்’ கொடுத்தால் படங்கள் உள்ளே வந்து அமரும்.

திரைப்பிடிப்பில் எழுத்துகளின் ஓரம் கலங்கியிருந்தால் முதலில் வடிவத்தைப் பாருங்கள். ஜேபெக் என்றால் திரும்ப எடுக்க வேண்டும். ஒருமுறை கலங்கிய எழுத்து எதைச் செய்தாலும் தெளியாது. திரைப்பிடிப்புக்கு எப்போதும் பிஎன்ஜி. ஓடிடியில் தெளிவாக இருந்து பிடிஎஃப்பில் மட்டும் மங்கினால் ஏற்றுமதி அமைப்பைப் பாருங்கள். ‘எக்ஸ்போர்ட் அஸ் பிடிஎஃப்’ உரையாடலில் இயல்பாக ஜேபெக் சுருக்கம் 90 விழுக்காடு என்று இருக்கும். அதை ‘லாஸ்லெஸ்’ ஆக்குங்கள். கோப்பு கொஞ்சம் பெரிதாகும், பரவாயில்லை.

எழுத்து மிகச் சிறிதாகத் தெரிந்தால் படத்தை அளவுக்கு மேல் குறுக்கியிருக்கிறார்கள். 17 செ.மீ. அகலமுள்ள வாசகப் பரப்பில், அங்குலத்துக்கு 96 பிக்சல் கணக்கில், ஏறத்தாழ 640 பிக்சல்தான் முழு அளவில் அடங்கும். 1920 பிக்சல் அகலத் திரையை முழுதாகப் பிடித்துச் செருகினால் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். லிப்ரெஆபிஸ் சாளரத்தையே சிறிதாக்கிக்கொண்டு, தேவையான உரையாடலையோ கருவிப்பட்டையையோ மட்டும் பிடியுங்கள்.

வெட்டுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ரைட்டருக்குள் ‘கிராப்’ செய்தால் வெட்டிய பகுதி மறைகிறதே தவிரக் கோப்பிலிருந்து போவதில்லை. ஓடிடி என்பது ஒரு ஜிப் பொதி. யாரும் அதைப் பிரித்து ‘பிக்சர்ஸ்’ உறையில் முழுப் படத்தையும் பார்க்கலாம். திரையின் ஓரத்தில் உங்கள் மின்னஞ்சலோ வீட்டுக் கோப்புகளின் பெயரோ இருந்திருந்தால் அதுவும் கையேட்டோடு உலகம் சுற்றும். படத்தை வெளியே, படத் திருத்தியில் வெட்டிய பிறகே செருகுங்கள். அத்தியாயத்தின் எடை காரணமில்லாமல் ஏறியிருந்தாலும் இதே போலப் பொதியைப் பிரித்துப் பாருங்கள். எந்தப் படம் கனக்கிறது என்று உடனே தெரியும்.

ஒரு வரி சேர்த்தாலும் படம் அடுத்த பக்கத்துக்கு ஓடினால் அதன் நங்கூரம் (படம் கட்டப்பட்டிருக்கும் இடம்) பத்தியிலோ பக்கத்திலோ இருக்கிறது. வலது சொடுக்கி ‘ஆங்கர் > அஸ் கேரக்டர்’ கொடுத்து, ‘ஃபிகர்’ ஸ்டைல் உள்ள தனிப் பத்தியில் வையுங்கள். அந்த ஸ்டைலில் ‘கீப் வித் நெக்ஸ்ட் பாரகிராஃப்’ இருந்தால் படமும் தலைப்பும் பிரியாது. அப்படி வைத்தபின் படத்தில் ஒரு மெல்லிய கீற்று மட்டும் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அந்தப் பத்தியின் வரி இடைவெளி ‘ஃபிக்ஸ்டு’ என்று இருக்கிறது, ‘சிங்கிள்’ ஆக்கினால் முழுப் படமும் வெளிவரும்.

மதிப்பாய்வாளர் திருத்தினார், எங்கே திருத்தினார் என்று தெரியவில்லை

‘எடிட் > டிராக் சேஞ்சஸ் > ரெக்கார்ட்’ போடாமல் வேலை செய்திருக்கிறார். குறை சொல்லத் தேவையில்லை, மீட்டுவிடலாம். அவர் தந்த புதிய கோப்பைத் திறந்துகொண்டு ‘கம்பேர் டாக்குமெண்ட்’ வழியாகப் பழைய கோப்பைக் காட்டுங்கள். வரிசை முக்கியம். பழையதைத் திறந்து புதியதைக் காட்டினால், அவர் சேர்த்தது நீக்கியதாகவும் நீக்கியது சேர்த்ததாகவும் தலைகீழாகத் தெரியும். அடுத்த முறை அனுப்பும் முன் ‘டிராக் சேஞ்சஸ் > புரொடெக்ட்’ கொடுத்துவிட்டால் பதிவைத் தெரியாமல் அணைக்க முடியாது.

ஒரே பிரதியை இருவருக்கு அனுப்பி இருவரும் பதிவோடு திருத்தியிருந்தால் ‘மெர்ஜ் டாக்குமெண்ட்’ இரண்டையும் ஒன்றாக்கும். பதிவான மாற்றங்களைத் தவிர மற்ற எழுத்து எல்லாம் இரண்டு பிரதிகளிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் பதிவில்லாமல் ஒரு காற்புள்ளி வைத்திருந்தாலும் இது கைகொடுக்காது.

பகிர்வு உறையில் ‘கான்ஃப்ளிக்டட் காப்பி’ என்ற பெயருடன் இரண்டாவது கோப்பு முளைத்திருந்தால், நெக்ஸ்ட்கிளவுட் என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தின் ஒத்திசைவில் இருவர் ஒரே நேரத்தில் சேமித்திருக்கிறார்கள். எதையும் அழிக்காதீர்கள். இரண்டையும் ஒப்பிட்டுச் சேர்த்த பிறகு அழியுங்கள். லிப்ரெஆபிஸ் ஒரு கோப்பைத் திறக்கும்போது .~ என்று தொடங்கும் மறைவான பூட்டுக் கோப்பை உருவாக்கும். ஆனால் ஒத்திசைவு வழியாக வேலை செய்யும்போது அடுத்தவர் கணினி அதை உரிய நேரத்தில் பார்க்கும் என்று நம்பிவிட முடியாது. யாரிடம் கோப்பு இருக்கிறது என்பதைக் கோப்பின் பெயரிலேயே முதலெழுத்துகளும் தேதியுமாகக் காட்டுவதும், எடுக்கும்போது குழுவுக்கு ஒரு வரி எழுதுவதும் தவறாத பூட்டு.

‘நீங்கள் எழுதிய மெனு என்னிடம் இல்லை’ என்கிறார் வாசகர்

எல்லாக் கோளாறுகளிலும் இதுதான் பெரியது. மற்றவை கையேட்டின் அழகைக் கெடுக்கும், இது வாசகரை நடுவழியில் நிறுத்திவிடும். ஆகவே பொறுமையாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள்.

முதலில் பதிப்பு. ‘ஹெல்ப் > அபவுட் லிப்ரெஆபிஸ்’ தரும் எண்ணை அவரிடம் கேளுங்கள். 7.6-க்குப் பின் எண்ணிடும் முறையே மாறி, 2024 முதல் ஆண்டும் மாதமுமாக 24.2, 24.8 என்று வருகிறது. பெரிய பதிப்புகள் ஆறு மாதத்துக்கு ஒன்று. ‘சாப்டர் நம்பரிங்’ என்று இருந்தது ‘ஹெடிங் நம்பரிங்’ ஆனது போல, பெயர்கள் சத்தமில்லாமல் மாறும். அத்தியாயத்தைப் புதுப்பிக்கும்போது வெளியீட்டுக் குறிப்புகளைப் படிப்பது தேவைதான், ஆனால் இப்படிச் சின்னப் பெயர் மாற்றங்கள் எல்லாம் அங்கே இடம்பெறும் என்று இருந்துவிட வேண்டாம். அத்தியாயத்தில் உள்ள ஒவ்வொரு மெனு வழியையும் புதிய பதிப்பில் உங்கள் கையால் சொடுக்கிப் பார்த்தால்தான் பிடிபடும்.

அடுத்தது இயங்குதளம். மேக்கில் ‘டூல்ஸ் > ஆப்ஷன்ஸ்’ கிடையாது. ‘லிப்ரெஆபிஸ் > பிரிஃபரன்சஸ்’ என்று போக வேண்டும். கண்ட்ரோல் விசைக்குக் கமாண்ட், ஆல்ட்டுக்கு ஆப்ஷன், ஸ்டைல் பலகை திறக்க எஃப்11-க்குப் பதில் கமாண்ட்+டி (T). கையேடுகளின் முன்பகுதியில் இதற்கென்றே ஒரு அட்டவணை இருக்கிறது. உங்கள் அத்தியாயத்தில் அது விடுபட்டிருந்தால் சேருங்கள்.

மூன்றாவது, இடைமுகத்தின் வடிவம். ‘வியூ > யூசர் இன்டர்ஃபேஸ்’ பகுதியில் ‘டாப்டு’ தேர்ந்தவருக்குப் பழைய மெனுவும் கருவிப்பட்டையும் நீங்கள் சொன்ன இடத்தில் இருக்காது. கையேடு ‘ஸ்டாண்டர்டு டூல்பார்’ வடிவத்தை அடிப்படையாகக் கொள்கிறது என்று சொல்லிவிட வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் பிழை எழுதியவரின் கணினியில் இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தும் கணினியில் நீட்சிகள், நகர்த்திய பொத்தான்கள், மாற்றிய குறுக்குவிசைகள், ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் இயக்கிவிட்ட சோதனைநிலை வசதிகள் எல்லாம் இருக்கும். நமக்கு இயல்பாகத் தெரிவது புதியவர் திரையில் இருப்பதில்லை. எழுதி முடித்ததும் ‘ஹெல்ப் > ரீஸ்டார்ட் இன் சேஃப் மோட்’ கொடுத்து, ‘கன்டின்யூ இன் சேஃப் மோட்’ அழுத்துங்கள். தற்காலிகமான, புத்தம்புதிய அமைப்பில் மென்பொருள் திறக்கும். அதில் உங்கள் படிகளை முதலிலிருந்து செய்து பாருங்கள். படங்களையும் இந்த நிலையில் எடுப்பதே நல்லது.

எல்லாம் சரியாக இருந்தும் மென்பொருள் எழுதியபடி நடக்கவில்லையா? கையேட்டை வளைத்து அந்த நடத்தைக்கு ஏற்ப எழுதிவிடாதீர்கள். அது வழுவாக இருக்கலாம். ‘அபவுட்’ பெட்டியில் உள்ள நகல் பொத்தானால் பதிப்பு விவரத்தை எடுத்து, வழுக்களைப் பதியும் தளமான பக்ஜில்லாவில் படிகளோடு பதியுங்கள். எஃப்1 அழுத்தினால் வரும் உதவிப் பக்கத்தில்தான் பிழை என்றாலும் பக்ஜில்லாதான் இடம். உதவிப் பக்கங்கள் எக்ஸ்ஹெச்பி கோப்புகளாக, மென்பொருளின் நிரல்களை வைக்கும் கிட் களஞ்சியத்தில் இருக்கின்றன. திருத்தங்கள் கெரிட் என்ற மதிப்பாய்வுத் தளம் வழியாகப் போகின்றன. கையேட்டு ஓடிடியைத் திருத்துவதால் அவை மாறாது.

ஒரு பத்தி வேறு எங்கோ படித்தது போல இருக்கிறது

நிறுத்திவிட்டு எழுதியவரிடம் மூலத்தைக் கேளுங்கள். கையேடுகள் ஜிபிஎல் 3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு, கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் 4.0 அல்லது அதற்குப் பிந்தையது என இரட்டை உரிமத்தில் வெளியாகின்றன. விக்கிப்பீடியாவின் எழுத்து பிஒய்-எஸ்ஏ உரிமத்தில் இருப்பதால், திறந்த உரிமம்தானே என்று எடுத்து ஒட்ட முடியாது. எஸ்ஏ கோரும், அதே நிபந்தனையோடு பகிர வேண்டும் என்ற விதியை பிஒய் உரிமம் சுமப்பதில்லை. வேறு நிறுவனத்தின் உதவிப் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தப் பத்தியை நீக்கிவிட்டு, மென்பொருளைத் திறந்து பார்த்துத் தன் சொற்களில் எழுதச் சொல்லுங்கள். சொற்களை இடம் மாற்றிப் போடுவது போதாது.

தமிழில் எழுதும்போது மட்டும் வருபவை

எழுத்துருவை மாற்றினாலும் தமிழ் எழுத்து மாறவில்லை, எண்களும் ஆங்கிலமும் மட்டும் மாறுகின்றன என்றால், ஸ்டைலின் ‘வெஸ்டர்ன்’ எழுத்துருவை மாற்றியிருக்கிறீர்கள். தமிழை ரைட்டர் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ மொழியாகக் கருதுகிறது. ‘டூல்ஸ் > ஆப்ஷன்ஸ்’ மொழிப் பகுதியில் அந்தப் பெட்டியில் குறியிட்டுத் தமிழைத் தேர்ந்தால், ஸ்டைலின் எழுத்துருத் தாவலில் இரண்டு பகுதிகள் தெரியும். இரண்டிலும் எழுத்துருவும் அளவும் தனித்தனியே தர வேண்டும். நோட்டோ ஸான்ஸ் தமிழ் போன்றது மற்றவர் கணினியில் இல்லாமல் போகலாம். ‘ஃபைல் > பிராப்பர்ட்டீஸ் > ஃபான்ட்’ பக்கத்தில் ‘எம்பெட் ஃபான்ட்ஸ் இன் டாக்குமெண்ட்’ குறியிட்டு அனுப்புங்கள்.

கண்ணுக்குத் தெரியும் சொல் தேடலில் சிக்கவில்லையென்றால் ஔகாரத்தைச் சந்தேகியுங்கள். ‘கௌ’ என்பதைச் சிலர் ஒற்றைக்கொம்பு, ககரம், ளகரம் என்று மூன்றாகத் தட்டுகிறார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். ‘ெள’ என்று தேடி ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். ‘ரீப்ளேஸ் ஆல்’ மட்டும் வேண்டாம், ‘தெளிவு’, ‘வெள்ளை’ எல்லாம் உடைந்துவிடும்.

மெனுப் பெயர்களைத் தமிழ்ப்படுத்தும்போது நீங்களாக ஒரு சொல் வைக்காதீர்கள். லிப்ரெஆபிஸைத் தமிழ் இடைமுகத்தில் திறந்து, அங்கே உள்ளதை எழுத்து மாறாமல் எடுத்தாளுங்கள். அந்தச் சொல் சரியில்லை என்று தோன்றினால் மொழிபெயர்ப்புத் தளமான வெப்லேட்டில் மாற்றம் முன்மொழியுங்கள். இடைமுகத்தில் அது மாறிய பிறகு கையேட்டிலும் மாற்றலாம்.

எடுத்துப்போன அத்தியாயம் மாதக்கணக்கில் திரும்பவில்லை

இதற்கு மெனு எதுவும் கிடையாது, ஆனாலும் இது கோளாறுதான். பெரும்பாலும் எடுத்தவர் சோம்பேறி அல்லர். முப்பது பக்க அத்தியாயத்தை முதல் வேலையாகப் பெற்ற புதியவர் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறார், கேட்கவும் கூச்சப்படுகிறார். ‘எப்போது முடியும்’ என்று கேட்டால் பதில் வராது. ‘முடித்தவரை அப்படியே அனுப்புங்கள், மீதியை வேறொருவர் தொடரட்டும்’ என்று கேட்டால் பல நேரம் அன்றே கோப்பு வந்துவிடும். பாதி வேலையும் பதிவோடு வந்தால் பயன்படும்.

புதியவருக்கு முதல் வேலையாக எழுதக் கொடுக்காமல், ஒரு அத்தியாயத்தின் படிகளைப் புதிய பதிப்பில் செய்து பார்த்து, பொருந்தாத இடங்களில் கருத்து மட்டும் இடச் சொல்லுங்கள். கண்ட்ரோல்+ஆல்ட்+சி அழுத்தினால் கருத்துப் பெட்டி திறக்கும். மென்பொருளைப் புதிதாகப் பார்க்கும் கண் அது. பழகியவர் தாண்டிப்போகும் இடங்கள் அதில் படும். அடுத்து ஒரு பிரிவு, அதன்பின் ஓர் அத்தியாயம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி பேசிக்கொள்ளுங்கள், தேதி தாண்டினால் கோப்பு பொதுவுக்குத் திரும்பும் என்பதை எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மதிப்பாய்வுக்குக் காத்திருக்கும் அத்தியாயங்கள் குவிந்திருந்தால் புதிதாக எதையும் எழுதத் தொடங்காமல், எழுதுபவர்களும் ஒரு சுற்று மதிப்பாய்வுக்கு இறங்குங்கள். வெளிவராத அத்தியாயம் அடுத்த பதிப்பு வந்ததும் பழசாகிவிடும், அதற்குள் ஆறு மாதம்தான் இருக்கிறது.